மாமியார் பெயர் தெரியாதவன்

சிறுநீரில் உள்ள செல்களை அடையாளம் காட்ட, நோயாளியின் வீட்டு ஆள் ஒருவர் கண்ணாடித் தகட்டுக்குள் இறங்க வேண்டும். எங்கள் ஊர் ஆய்வகத்தில் அதுதான் வழக்கம். என் கணவருக்காக நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன்.

அவருக்கு ஒரே ஒருமுறை சிறுநீரில் ரத்தம் போயிருந்தது. குழாய் விட்டுப் பார்த்தவர்கள் ஒன்றுமில்லை என்றார்கள். டாக்டர் சுலைஹாவுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. அவர் மேலே மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தார். எனக்கு வானம் முழுவதும் அவருடைய கண்.

"என்னக்கா தெரியுது?"

"நெறைய பேரு இருக்காங்க டாக்டர்."

எல்லாச் செல்களுக்கும் என் கணவரின் மூக்கு. "வாங்க மதினி, சாப்டாச்சா?" என்று ஒவ்வொன்றும் கேட்டது. சாப்பிட்டேன் என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னேன்.

மூலையில் நின்றவன் எதுவும் கேட்கவில்லை. உடம்பு சின்னது, தலை பெரியது. தலை வட்டமாகவும் இல்லை. கறுத்திருந்தது.

"நீங்க யாரு?"

"உங்க வீட்டு ஆளுதான் மேடம்."

அவன் அச்சாக என் கணவரைப் போலவே இருமினான். நம்பிவிடலாம் என்று தோன்றியது. நம்பினால் மேலே ஏறி வீட்டுக்குப் போய்விடலாம்.

"எங்க மாமியார் பேரு சொல்லுங்க."

யோசித்தான். "நான் பெருகணும். பேரெல்லாம் எதுக்கு?"

"டாக்டர், இவன்தான்!" என்று கத்தினேன்.

வானம் சுருங்கி அவனைப் பார்த்தது.

"எங்க தங்கியிருக்கான்னு கேளுங்கக்கா."

கேட்டேன். மறைக்காமல் சொன்னான்.

"சிறுநீர்ப்பையோட உள்சுவர்ல. மேலாப்புல ஒட்டிக்கிட்டு இருக்கோம். அடுத்த வாரம் ஆழமாப் போலாம்னு இருந்தோம்."

"போகவேண்டாம்," என்றேன்.

"சரி மேடம்."

"ஆரம்பத்துலயே புடிச்சிட்டோம்க்கா!" என்றார் டாக்டர். "பைக்குள்ள மருந்து விடுவோம். குணப்படுத்திரலாம்." அவர் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அதில் தொப்பலாக நனைந்த செல்கள் குலவையிட்டன. எனக்கு இதுவரை தெரியாத நாத்தனார்கள் நாலைந்து பேர் என் கன்னத்தைக் கிள்ளினார்கள்.

மேலே ஏறி வந்தேன். பழைய அளவுக்கு வளரவில்லை. வெளியே பெஞ்சில் என் கணவர் ஞானதிரவியம் விரல் நகத்தைக் கடித்தபடி இருந்தார். என்னை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"என்ன சொன்னாங்க ரஞ்சிதம்?"

"புத்துநோய்தாங்க. ஆனா சின்னது."

"ஒன்னவிடவா?"

"என்னவிடச் சின்னது."

என்னைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சிரித்தார். பை குலுங்கியது. விழுந்துவிடாமல் பொத்தானை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.