நாகையா கேட்காத கேள்விகள்

1933ஆம் ஆண்டு, ரப்பர் விலை கொஞ்சம் தலைதூக்கிய மாதத்தில், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், அப்பாவுக்குக் கிடைத்திருந்த ரயில்வே குவார்ட்டர்ஸில், மாரிஸ் வீட்டு அரிசிப் பானை, ஒளி தண்ணீருக்குள் போனால் ஏன் வளைகிறது என்று கேட்டது. கல்யாணமாகி வந்து சில வாரங்களே ஆன சாந்தமேரி, இது இந்த வீட்டு வழக்கம் போலும் என்று எண்ணி, "ஏங்க, பானை என்னமோ கேக்குது, வந்து பதில் சொல்லுங்க" என்று கூப்பிட்டாள். பாதிச் சவரத்தோடு வந்து நின்ற மாரிஸுக்கு அது யார் குரல் என்று உடனே தெரிந்துவிட்டது.

சிங்கப்பூர்க் கல்லூரியில் அவன் இரண்டாம் ஆண்டு படித்தபோது, சிலாங்கூரிலிருந்து புதிதாகச் சேரும் தமிழ் மாணவர்களுக்குத் துணையிருக்கும் பொறுப்பைப் பழைய மாணவர்கள் அவனிடம் கொடுத்திருந்தார்கள். அவர்களைக் கோலாலம்பூரில் ரயிலேற்றி விடுதியில் சேர்க்க வேண்டும். பாடத்தைக் கேட்டுக்கொண்டே குறிப்பெடுப்பது, நூலகத்தில் புத்தகம் தேடுவது எல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த வருஷம் வந்தவன் ஒருவன்தான்: கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வீரம்மாவின் மகன் நாகையா. மாரிஸ் மாதக்கணக்கில் முட்டிமோதிய ஒரு கணக்கை, ரயில் சிரம்பானைத் தாண்டுவதற்குள் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தபடி போட்டு முடித்தான். பிறகு கேட்டான்:

"அண்ணே, வகுப்புல புரியலைன்னா புரொஃபசர்கிட்ட கேக்கலாமா?"

"கேட்டுராத. தோட்டத்து ஆளுன்னு சிரிப்பாங்க."

மாரிஸ் கேட்டபோதெல்லாம் ஒருவரும் சிரித்ததில்லை.

நாகையா கேட்கவே இல்லை. வருஷக் கடைசியில் தேர்வில் தவறினான், உதவித்தொகை நின்றது, கிள்ளான் துறைமுகக் கிடங்கில் மூட்டைகளுக்கு அடையாளம் போடும் வேலைக்குப் போனான். மாரிஸ் தேறி, கோலாலம்பூரில் ஆசிரியரானான்.

நாகையா வகுப்பில் கேட்காமல் விட்ட கேள்விகள்தான் இப்போது பானையிலிருந்து, அவன் மனசுக்குள் நினைத்த தமிழிலேயே வந்தன. பானையை மாற்றினால் குழாயிலிருந்து வந்தன, குழாயை அடைத்தால் அலமாரியிலிருந்து. வீட்டை மந்திரிக்க வந்த மாதாகோயில் சாமியாரிடம் அலமாரி ஒரு லத்தீன் சொல்லுக்குப் பொருள் கேட்டது. அவர் தீர்த்தச் செம்பைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார். அந்தக் கேள்வி மறுபடி வரவில்லை. அதிலிருந்து மாரிஸ் பள்ளிவிட்டு வந்ததும் பதில் சொல்ல உட்கார்ந்தான். சிலவற்றுக்கு வாரக்கணக்கில் படிக்க வேண்டியிருந்தது. ஒருநாள் குழாய், "லைப்ரரிக்குள்ள செருப்போட போகலாமாண்ணே?" என்று கேட்டது. "போகலாம்டா" என்று அவன் குழாயிடம் சொன்னான்.

மூன்றாம் வருஷம் அவன் கிள்ளானுக்குப் போனான். நாகையா மேலெல்லாம் மாவுத் தூசியோடு வந்து, "வாங்கண்ணே" என்று டீக்கடைக்கு அழைத்துப் போனான்.

"நான் அன்னிக்கு ரயில்ல சொன்னது பொய், நாகையா. யாரும் சிரிச்சிருக்க மாட்டாங்க."

"தெரியும்ண்ணே. ரெண்டாவது வாரமே கிரிகரின்னு டவுன் பையன் ஒருத்தன் எந்திரிச்சுக் கேட்டான். ஒருத்தரும் சிரிக்கல."

"அப்ப நீ ஏன் கேக்கல?"

நாகையா டீயை ஆற்றி அவன் பக்கம் நகர்த்தினான். "அவனைப் பாத்து சிரிக்க மாட்டாங்க, என்னைப் பாத்தா சிரிப்பாங்கன்னு நெனச்சேன். நீங்க பொய் சொல்லுவீங்கன்னு தோணவே இல்லண்ணே."

மறுபடி சேர்ந்து படி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மாரிஸ் கெஞ்சினான். அம்மாவுக்குக் கண் தெரிவதில்லை, இனி முடியாது என்றான் நாகையா. டீ ஆறிப்போவதையும் ஞாபகப்படுத்தினான்.

அதற்குப் பிறகு, கல்லூரிக்குப் புறப்படும் பிள்ளைகள் மத வேறுபாடில்லாமல் மாரிஸ் வீட்டில் சில நாள் வந்து உட்காரும் வழக்கம் ஏற்பட்டது. சுவர் கேட்கும், அவர்கள் பதில் சொல்வார்கள். தெரியாததைத் தயங்காமல் அவனிடம் கேட்பார்கள். குவார்ட்டர்ஸிலிருந்து மருத்துவம் படிக்கப் போன முதல் பெண் சந்திரகலா, சிங்கப்பூரில் தன் வகுப்பையே கேள்வி கேட்டு நிறுத்திவைத்தாளாம். சில வருஷங்களில் வீட்டின் கேள்விகள் தீர்ந்துவிட்டன.

ஒன்று மட்டும் தீரவில்லை. கிள்ளானிலிருந்து திரும்பிய நாள் முதல் அது மாரிஸின் சட்டைக்குள்ளிருந்து வந்தது: "எதுக்குண்ணே அப்படிச் சொன்னீங்க?" அவனுக்குப் பதில் தெரியும்: ரயில் சிரம்பானைத் தாண்டுவதற்குள் முடிந்துபோன அந்தக் கணக்கு. அதை மட்டும் சொல்லாமல் சட்டைப் பொத்தானை இறுக்கிப் போட்டுக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அந்தக் குரல் எழும்போது, பக்கத்திலிருப்பவர்கள் ஒருவருடைய இருமல் அடங்கட்டும் என்பதுபோலக் கொஞ்சம் பொறுத்திருந்து, விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்வார்கள்.