வாளைக்குப் பிடிக்காத வாசம்

அவருடைய மூக்கு என் உள்ளங்கைமேல் இறங்குகிறது, மீசை நுனிகள் ரேகைகளைத் தடவிக்கொண்டு நகர்கின்றன, நான் மூச்சைப் பிடித்தபடி மேட்டூர் அணையின் கலங்கல் தண்ணீரைப் பார்க்கிறேன், அல்லது இது வகுப்பறையா, ஆற்றுவாளைக்கு உடம்பெல்லாம் நாக்கு என்று பேராசிரியர் கரும்பலகை நீளத்துக்கு ஒரு மீனை வரைகிறார், மீசையிலும் ருசி, வயிற்றிலும் ருசி, கண்ணை நம்பாது, தொட்டுப் பார்த்துத்தான் தின்னும், பக்கத்தில் பனிமலர், எங்கப்பாவும் அப்படித்தான்டா, என்கிறாள், அன்றைக்குச் சிரித்தேன்.

அந்த அப்பாதான் இந்த மூக்குக்குச் சொந்தக்காரர், செங்கோடன், மோட்டார் காயில் கட்டுகிறவர், ஞாயிறானால் என்னில் பாதி கனமுள்ள வாளைகளைத் தூண்டிலில் பிடித்து, கொஞ்சிவிட்டு, தண்ணீரிலேயே திரும்ப விடுகிறவர், அவருக்கு நான் மகளோடு விலங்கியல் படிக்கிற, மீன்மேல் ஆர்வமுள்ள பையன், அதற்குமேல் தெரிந்தால் நாளைக்கே காலேஜை நிறுத்திவிடுவார் என்று அவள் சொல்லியிருந்தாள், எனவே என் ஆர்வம் முழுவதையும் மீன்மேலேயே வைத்திருந்தேன், கோழிக்குடலை நானே முள்ளில் கோர்த்தேன், தூண்டில் நுனி லேசாகத் துடித்தது, அடங்கியது, மறுபடி துடித்தது, அடங்கியது, தொட்டுட்டுத் தொட்டுட்டுப் போவுதே, கையக் காட்டு தம்பி, என்றார், சோப்புப் போட்டியா, போட்டேன் அங்கிள், வாளைக்கு வர்றப்ப எவனாச்சும் சோப்புப் போடுவானா, மூக்கு மணிக்கட்டில் வந்து நிற்கிறது, வெட்டிவேர், பனிமலர் வீட்டில் காய்ச்சி அச்சில் ஊற்றிய சோப்பு, உலகத்தில் இரண்டே குளியலறைகளில் இருக்கிற வாசம், அதில் ஒன்று அவருடையது.

எப்பருந்து, என்றார், தண்ணீரைப் பார்த்தபடி, ரெண்டாவது செமஸ்டர்லருந்து, என்றேன், எனக்கு நீச்சல் தெரியாதது நினைவுக்கு வந்தது, உங்கப்பனுக்குத் தெரியுமா, தெரியாது, அப்ப எனக்குத்தான் மொதல்ல தெரியுதா, ஆமாங்க, தூண்டிலை இழுத்துக் கரையில் வைத்தார், எனக்கு ஒடஞ்ச கட்டிதான்யா குடுப்பா, உனக்கு முழுசாக் குடுத்தாளா, என்றார், அவர் தோள் குலுங்கியது, அது சிரிப்பு என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது, காலைலருந்து ஒரு மீன் சொல்லிட்டே இருக்குது, எனக்கு ஒறைக்கல பாரு, ரெண்டு பேரும் படிப்ப முடிங்க, அப்பறம் உங்கப்பன வந்து பாக்கறேன், சரிங்க அங்கிள், அதென்ன அங்கிளு, பேங்க்ல கூப்புடறாப்ல.

என் கால்கள் தரையில்தான் இருக்கின்றன என்பது அப்போதுதான் தெரிகிறது, அவர் கரைச்சேற்றை அள்ளி முழங்கைவரை தேய்க்கிறார், மாட்டைக் குளிப்பாட்டுவதுபோல, வலிக்கிறது, நன்றாக இருக்கிறது, தண்ணீரில் முக்கியெடுத்ததும் மூக்கு மறுபடி இறங்குகிறது, மீசை கூசுகிறது, இந்தமுறை சிரித்துவிடுகிறேன், ஆடாத, என்கிறார், ம், இப்பத்தான் மனுசன் கை, குடலக் கோரு.