செத்தவீட்டுச் சனம்

அப்பாவின் சட்டையை முதுகுப் பக்கம் வெட்டினால் சுகமாகப் போடலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள் பியூனரல்காரப் பெட்டை. கையில் கத்தரிக்கோல் தயாராக இருந்தது. அஜந்தா வேண்டாமென்று தலையாட்டினாள். புதுச் சட்டை. அப்பா லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு மொத்தக்கடையில் இருபது வருடம் அரிசி மூட்டை இறக்கியவர். கிழிசல் உடுப்போடேயே காலத்தை ஓட்டியவர். போகும்போதாவது முழுச் சட்டையோடு போகட்டும்.

அஜந்தா சட்டைக் கையின் நுனிப் பக்கத்தால் தன் கையை உள்ளே விட்டு, அப்பாவின் விரல்களைப் பிடித்து இழுத்தாள். பிரிட்ஜிலிருந்து எடுத்த இறைச்சி மாதிரிக் குளிர்ந்துகிடந்தன. தெறிகளைப் பூட்டியும் சட்டை நேராக நிற்கவில்லை. மூட்டை ஏறிய வலது தோள் இறங்கிப்போய்க் கிடந்தது. செத்தும் அது நிமிரவில்லை.

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. டொலறஸ் அக்காவின் மெசேஜ். "இன்னும் உள்ளுக்கைதான்."

உள்ளே இருந்தது ரதீசன், அஜந்தாவின் தம்பி. அகதிக் கேஸ் மூன்று தடவை தள்ளுபடியாகிவிட்டது. இரண்டு கிழமைக்கொருமுறை ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடிவரவு அலுவலகத்துக்குப் போய்ச் சைன் வைக்கவேண்டும். முன்வாசலால் சைன் வைக்கப் போன ஆட்கள் பின்வாசலால் வானில் ஏறி, சில நாளில் கொழும்புக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கிய கதைகள் எல்லா வீட்டிலும் உண்டு. இந்தத் தடவை சைன் வைக்கிற நாளும் அப்பாவை எரிக்கிற நாளும் ஒன்றாக வந்து விழுந்தன. திகதி மாற்றித் தரச் சொல்லிக் கேட்டதற்குப் பதில் வரவில்லை. கிரெமட்டோரியத்திலும் வேறு நாள் கிடைக்கவில்லை.

"போகாமல் விட்டால் ஓடிட்டான் எண்டு எழுதிப்போடுவாங்கள். பிறகு விடியக் கதவை உடைச்சுக்கொண்டு வருவாங்கள்" என்று டொலறஸ் அக்கா சொல்லியிருந்தாள். பாசையூர்க்காரி. செவன் கிங்ஸ் சேர்ச் மண்டபத்தில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, விசாப் பேப்பர் இல்லாத குடும்பங்களின் கதையைக் கேட்டுக்கொண்டிருப்பவள். யார் சைன் வைக்கப் போனாலும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வாசலில் போய் நிற்பாள். "நான் கூட்டிக்கொண்டு போறன். நேரத்துக்குக் கொண்டுவந்து விடுறன்" என்றாள். அதை நம்பித்தான் அனுப்பியது.

அப்பாவைப் பியூனரல் மண்டபத்துக்குக் கொண்டுவந்து வைத்தபோது ஐயர் மட்டும் தயாராக இருந்தார். வரிசை வரிசையாகக் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. முன்வரிசைகூட நிறையவில்லை.

"எங்கை சனத்தைக் காணேல்லை?" என்று கேட்டார் யோகராஜா சித்தப்பா. விம்பிள்டனிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் வந்திருந்தார். செத்தவீட்டு முறைகளில் ஒரு துளி பிசகினாலும் விடமாட்டார்.

"வருவினம், சித்தப்பா."

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். ரதீசனைத் தேடி இங்கேயும் ஆட்கள் வருவார்கள் என்று பயந்து சனம் ஒதுங்கிவிட்டதா? அப்பாவோடு மூட்டை தூக்கியவர்களில் பாதிப் பேருக்குப் பேப்பர் இல்லை. அவர்களைக் குறை சொல்லவும் ஏலாது.

சித்தப்பா கதிரையை நெருக்கிப் போட்டுக்கொண்டு இருந்தார். "றமணனை வேட்டி கட்டச் சொல்லு. மருமகன் கொள்ளி வைக்கலாம். ஐயரும் ஓம் எண்டுறார்."

"தம்பி வருவான்."

"வராட்டில்?"

அவள் போனை எடுத்துப் பார்த்தாள்.

"பிள்ளை, கிரெமட்டோரியத்திலை ஒண்டரை எண்டால் ஒண்டரைதான். எங்கடை அழுகைக்காக வெள்ளைக்காரன் ஓவர்டைம் செய்யமாட்டான்."

வேட்டி அவளுடைய கதிரைக்குக் கீழே பைக்குள் இருந்தது. அதை எடுத்துத் தன் புருசனிடம் கொடுத்தால் தம்பியைப் பிடித்துவிட்டார்கள் என்று தானே எழுதிக் கொடுத்த மாதிரி. காலால் பையை இன்னும் உள்ளே தள்ளினாள். எழுந்து வெளியே போய் டொலறஸ் அக்காவுக்கு எடுத்தாள்.

"பயப்பிடாதை, பிள்ளை. உள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போட்டாங்கள். சொலிசிட்டர் போனிலை கதைச்சுக்கொண்டிருக்கிறா."

உள் அறை. அதற்கு அடுத்தது பின்வாசல்தான். போனில் பெரிய இரைச்சல் கேட்டது.

"உதென்னக்கா சத்தம்?"

"சனம்."

"என்ன சனம்?"

"உங்கடை செத்தவீட்டுச் சனந்தான். நேரை இஞ்சை வந்திட்டினம். வெள்ளைச் சீலையும் மாலையுமாய் நிக்கினம். கொப்பரோடை மூட்டை இறக்கின பெடியள், பேக்கரி ஆக்கள், எல்லாரும். பின்வாசல்லை ஒரு வான் நிக்குது. அதுக்கு முன்னாலை நிக்கிறம்."

"வானோ?"

"ஓம். ஆனால் அது வெளிக்கிடேலாது. பேக்கரியிலை வேலைசெய்யிற யோகமலர் அதுக்கு முன்னாலை பாய் விரிச்சு இருந்திட்டா. முழங்கால் வருத்தக்காரி, எழும்பச் சொன்னால் எழும்பேலாதாம். அது உண்மையுந்தான்."

போன் துண்டிக்கப்பட்டது. அஜந்தா உள்ளே வந்து சித்தப்பாவிடம் சொன்னாள். அவர் வெறுங்கதிரைகளைப் பார்த்தார்.

"பொலிஸ் வந்து அதுகளையும் அள்ளினால்?" என்றார் மெதுவாக.

அதுதான் அவளுடைய நெஞ்சிலும் நின்றது. ஒருத்தனை மீட்கப் போய் பத்துப் பேரைக் கொடுப்பதா? ஐயர் தேவாரத்தைத் தொடங்கினார். இருந்த நாலைந்து பேர் வாய்க்கரிசி போட்டார்கள். அஜந்தா போட்ட அரிசி அப்பாவின் கழுத்துப்பட்டிக்குள் போய் விழுந்தது. 

கிரெமட்டோரிய வாசலில் பெட்டியை இறக்கியபோது பொறுப்பாளன் வந்து மரியாதையாக மணிக்கூட்டைக் காட்டினான். போன் சத்தமில்லாமல் கிடந்தது. டொலறஸ் அக்கா எடுக்கவில்லை. சித்தப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் நின்றதுதான் அவளை உடைத்தது. பையை அவிழ்த்து வேட்டியை றமணனிடம் நீட்டினாள். அவன் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் வாங்கி, காற்சட்டைக்கு மேலாகவே சுற்றினான்.

பெட்டி மேடையில் ஏறியபோது வெளியே கதவுகள் அடிபடும் சத்தம் கேட்டது. பேக்கரி வான், சேர்ச் மினிபஸ், மினிகாப்கள். வெள்ளைச் சீலைகள் உள்ளே நெருக்கியடித்து வந்தன. நடுவில் ரதீசன். இடுப்பில் பெல்ட் இல்லை, உள்ளே கழற்றி வாங்கிவிட்டார்கள். ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"அத்தான், கழட்டுங்கோ" என்றான்.

றமணன் அந்த இடத்திலேயே வேட்டியை அவிழ்த்துக் கொடுத்தான். அஜந்தா தம்பியின் இடுப்பில் அதைச் சுற்றி இறுக்கினாள்.

"விட்டிட்டாங்களோடா?"

"திங்கக்கிழமை திரும்ப வரட்டாம். உடுப்புப் பையோடை."

அவளுடைய கை முடிச்சிலேயே நின்றது. கொள்ளிக்குப் பதிலான பொத்தானைப் பொறுப்பாளன் காட்டினான். ரதீசன் அமத்தினான். திரை இரண்டு பக்கத்தாலும் வந்து அப்பாவை மூடியது.

செத்தவீட்டிலிருந்து போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. யாராவது வாய்தவறி வாறன் என்று சொல்லிவிட்டால் சித்தப்பா அந்த இடத்திலேயே ஏசுவார். சனம் தலையைக் குனிந்தபடி ஒவ்வொன்றாக வெளியேறியது. யோகமலரை இரண்டு பெடியள் தாங்கிக்கொண்டு போனார்கள்.

சித்தப்பா ரதீசனுக்கு முன்னால் வந்து நின்றார்.

"எத்தினை மணிக்கு?"

"எது, சித்தப்பா?"

"திங்கக்கிழமை."

"பத்துக்கு."

"வாறன்" என்றார்.

பின்னால் நின்ற பேக்கரிப் பெடியன் அவரைப் பார்த்தான். பிறகு ரதீசனைப் பார்த்து "வாறன், அண்ணை" என்றான். அவனுக்குப் பின்னால் நின்றவளும் சொன்னாள்.

அடுத்த செத்தவீட்டுக்காரர் கறுப்பு உடுப்போடு வாசலில் காத்துநின்றார்கள். அஜந்தா தம்பியின் முழங்கையைப் பிடித்தாள். அவனுடைய சப்பாத்துகளில் கயிறு இருக்கவில்லை. அவை கழன்றுவிடாமல் காலை இழுத்து இழுத்துச் சரளைக்கல்லில் நடந்தான். அவள் அந்த வேகத்துக்கே நடந்தாள்.