கால் முறிந்த எழுத்து

ஃபிராவ் லோமான் அம்மாவின் சாப்பாட்டு மேசை நிறைய மதுப் பட்டியல்கள் கிடந்தன. அட்டைகளில் பனைமரம், மூங்கில், பல்லைக் காட்டும் மரச்சாமி. அந்தச் சாமிக்கு டிக்கி என்று பெயர். ஒரு காலத்தில் தென்கடல் தீவுபோல் அலங்கரித்த மதுச்சாலைகள் ஜெர்மனியிலும் இருந்தன. இளவயதில் அப்படி ஒன்றில் பரிமாறிய ஃபிராவ் லோமான் முப்பது வருடமாக இவற்றைச் சேர்த்து வைத்திருந்தார். 1987 மார்கழியில் எசன் நகரில் கண்காட்சி. ஒவ்வொன்றும் எந்த ஆண்டில் அச்சானது என்று கண்டுபிடித்து எழுத வேண்டும்.

அதற்காகத்தான் புதன்கிழமைகளில் மங்கையற்கரசி வந்தாள். யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தில் பதினொரு வருடம் எழுத்துக் கோத்தவள். அகதி விண்ணப்பம் முடியும்வரை அவளுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. தேவாலயத்தில் உடுப்புக் கொடுக்கும் அறையில் பழக்கமான ஓர் அம்மாவுக்குக் கைகொடுக்க யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. இருவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள்.

முதல் நாள் ஒரு பட்டியல் கீழே விழுந்து அவள் காலில் பட்டது. எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கூட வந்திருந்த அறைத்தோழி அன்ரனிற்றாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"என்னக்கா, சாராயப் பட்டியலையும் கும்பிடுறியள்!"

"எழுத்து எழுத்துத்தானே. அது என்ன செய்யும், பாவம்."

தாளின் பின்புறத்தை விரலால் தடவினால் ஈய எழுத்து அழுத்திய தடம் தெரியும். தடம் இல்லாதவை பெரும்பாலும் பிந்தியவை. ஊர்ப் பெயருக்கு முன்னுள்ள தபால் எண்ணும் 1961க்குப் பிறகு மாறியிருந்தது. இப்படியே நாற்பது பட்டியல்களுக்கு ஆண்டு குறித்தார்கள். மீதி இருந்தது ஒன்று, கண்காட்சியின் முகப்பில் வைக்க வேண்டியது. தான் பரிமாறிய மதுச்சாலையின் முதலாளி தன் கையால் கொடுத்த, 1957 திறப்புவிழாப் பட்டியல் என்று ஃபிராவ் லோமான் எல்லாரிடமும் சொல்லி வந்தார். அதில் விலாசமே இல்லை.

மங்கையற்கரசி பூதக்கண்ணாடியை வைத்தாள். தலைப்பில் இருந்த பெரிய R எழுத்துக்கு நெற்றியில் ஒரு வடு, கால் முறிந்திருந்தது. அதே அச்சகம் அடித்த 1963 புத்தாண்டுப் பட்டியலிலும் அதே R இருந்தது. நெற்றியில் அதே வடு. கால் மட்டும் முழுதாக இருந்தது. முறிந்த ஈயக்கால் திரும்ப முளைப்பதில்லை. முகப்புப் பட்டியல் 1963க்குப் பிந்தியது.

அன்று அவள் அகதிகள் விடுதிக்குத் திரும்பி, அன்ரனிற்றாவிடம் மட்டும் அதைச் சொன்னாள்.

"வாயைத் திறவாதேங்கோ," என்றாள் அன்ரனிற்றா. "அடுத்த மாசம் வழக்கு. உங்களுக்காக வந்து சொல்ல அந்த மனிசியை விட்டா ஆர் இருக்கினம்? கோவிச்சுக்கொண்டு வராமல் விட்டா?"

மங்கையற்கரசியின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. ஊரில் சமாதான நீதவான் ஒருவர் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து தந்த இரண்டு கடிதங்களே அவளுடைய சாட்சி. அச்சகம் எரிந்ததைப் பற்றி 1984இல் ஒன்று, படையினர் அவளைத் தேடி வந்ததைப் பற்றி 1986இல் ஒன்று. இரண்டும் புத்தம் புதியவை, ஒரே நாளில் தயாரித்தவை என்று அதிகாரி எழுதிவிட்டார். மேல்முறையீடும் தோற்றால் திரும்பிப் போக வேண்டியதுதான்.

"என்ரை திகதியை நம்புங்கோ எண்டு கேக்கப்போறன். இன்னொரு திகதி பிழையெண்டு தெரிஞ்சுகொண்டு பேசாமல் இருக்க ஏலாது, பிள்ளை."

அடுத்த புதன் அவள் இரண்டு R களையும் காட்டினாள். ஃபிராவ் லோமான் நெடுநேரம் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்றைக்குப் போதும்," என்றார்.

கதவு மூடிய சத்தம் மங்கையற்கரசிக்கு மாடிப்படி முழுவதும் கேட்டது. அதற்கடுத்த புதன்கிழமை அவள் போகவில்லை.

சனிக்கிழமை காலையில் விடுதி வாசலில் ஃபிராவ் லோமான் நின்றார். கையில் பூதக்கண்ணாடி.

"எனக்குக் கோபம்தான். முப்பது வருடப் பெருமை அல்லவா? ஆனால் இரவெல்லாம் ஒரு யோசனை. உன் கடிதங்களைக் கொண்டு வா."

கட்டிலில் இரண்டையும் அருகருகே வைத்தார்கள். இரண்டிலும் t எழுத்தின் குறுக்குக் கோட்டில் ஒரே வடு, ஒரே இயந்திரம்தான். ஆனால் 1984ஆம் ஆண்டுக் கடிதத்தில் g எழுத்துக்கு வால் இருந்தது. 1986இல் ஒரு g க்கும் வால் இல்லை. இடையில் வால் முறிந்திருந்தது; ஒரே நாளில் அடித்த கடிதங்கள் அல்ல.

மங்கையற்கரசி வாயைப் பொத்திக்கொண்டாள். ஊரார் பட்டியல்களையெல்லாம் அலசிய கண், திருநீற்றுப் பையோடு வைத்திருந்த தன் கடிதங்களை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

"தாள் ஏன் இவ்வளவு புதிதாக இருக்கிறது?" என்று கேட்டார் ஃபிராவ் லோமான்.

"அயன் பண்ணினேன். பெரிய இடத்துக்குக் கொடுக்கிற தாளைக் கசங்கலாகக் கொடுக்கலாமா?"

ஃபிராவ் லோமான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தபோது பழைய மடிப்புகள் நரம்புபோல் தெரிந்தன.

நீதிமன்றத்தில் நீதிபதியே பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். பிறகு ஃபிராவ் லோமானிடம், இவளை எப்படி நம்புகிறீர்கள் என்று கேட்டார். தனக்கு வரும் நட்டத்தைப் பார்க்காமல் என்னிடம் உண்மை சொன்னவள் என்று அவர் பதில் சொன்னார். ஒரு சின்ன உண்மை தனியே நடந்து போய், துணையைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்திருந்தது.

கண்காட்சியின் முகப்பில் அதே பட்டியல்தான் இருந்தது. கீழே ஃபிராவ் லோமானின் கையெழுத்தில், '1963க்குப் பின்.'

தை மாதம் தீர்ப்பு தபாலில் வந்தது. அவள் இங்கே தங்கலாம். மழையில் நனைந்து உறை சுருங்கியிருந்தது.

"அயன் பெட்டி கொண்டு வரட்டோ, அக்கா?" என்றாள் அன்ரனிற்றா.

"தொடாதை!" என்று சொல்லி, மங்கையற்கரசி அந்தச் சுருங்கிய தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.