கடைசிப் பெயர்

விடிந்தும் விடியாத பனியில், ஈரத் தேயிலைக் கொழுந்து பட்டு விரல்கள் மரத்துப்போக, இருபது பெண்கள் நிரை பிடித்து மலையேறிக்கொண்டிருந்தார்கள். பிரேமினியின் தலையில் மட்டும் மஞ்சள் தொப்பி. அவள் பக்கத்தில் வந்தால் பேச்சு நின்றுவிடும்.

எப்படி நிற்காமலிருக்கும்? போன வாரம் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் துரை கேக் கொடுத்தார். கேக் கொடுக்கிற துரையை இந்தத் தோட்டம் கண்டதேயில்லை. முதல் துண்டை யார் தின்பது என்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். "இனி நாம எல்லாம் ஒரே டீம், ஒரே இலக்கு" என்று சொல்லி, பிரேமினியைத் தலைவியாக்கித் தொப்பியை மாட்டினார். விஷம் பிறகுதான் வந்தது. சனிக்கிழமை நிறுவையில் கொழுந்து குறைந்து கடைசியாக நிற்பவளின் பெயரைத் தலைவியே சொல்ல வேண்டும். அந்தப் பெயரைச் செக்ரோல் பதிவிலிருந்து வெட்டுவார்கள். பெயர் போனால், குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும்.

இன்று சனிக்கிழமை. குளவி கொட்டி வலக்கை வீங்கிய வேலாயி, இடக்கையால் பறித்துக்கொண்டிருந்தாள். கடைசி யார் என்று தேடவே வேண்டாம்.

நிறுவைக்கு இறங்கும் முன் பிரேமினி தொப்பியைக் கழற்றினாள். "நான் யாரு பேரையும் சொல்ல மாட்டேன்."

"எங்க வாயக் கிளறிட்டுப் போயி தொரகிட்ட ஒப்பிக்கவா?" அழகம்மா இடுப்பில் கை வைத்தாள். "மொதத் துண்டு கேக்கத் தின்ன வாய்தானே அது!"

சுருக்கென்றது. இவர்களில் யார் துரையிடம் ஓடுவாளோ என்று பிரேமினிக்கும் பயம்தான். ஆனாலும், எல்லாரையும் விட நிறைந்திருந்த தன் பையிலிருந்து தொப்பி தொப்பியாக அள்ளி வேலாயியின் பையில் போட்டாள்.

"எல்லாரு பையும் ஒரே நெறையா இருந்தா, கடைசின்னு யாரச் சொல்றது?"

அழகம்மா அந்தத் தொப்பியையே பார்த்தாள். பிறகு முனகிக்கொண்டே தன் பையை அவிழ்த்தாள்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு முள் இருபது தடவையும் பதினாறு கிலோவிலேயே நின்றது. துரையின் முகம் சிவந்தது.

"என்ன வெளையாட்டு இது? யாரு கடைசி?"

"ஒரே டீமுன்னு நீங்கதானே சொன்னீங்க தொர" என்றாள் பிரேமினி.

"பேரச் சொல்லு. இல்லாட்டி ஒன் பேர வெட்டுவேன்."

யாராவது காட்டிக்கொடுப்பார்கள் என்றுதான் பிரேமினி நினைத்தாள்.

"அப்ப என் பேரையும் வெட்டுங்க." அழகம்மாவின் குரல்!

"என் பேரையும்" என்றாள் வேலாயி. அதற்குப் பிறகு எந்தக் குரல் யாருடையது என்று தெரியவில்லை.

துரை பேனாவை மூடினார். "திங்கக்கெழம பாத்துக்கிறேன்."

"பாப்பாரு" என்றாள் அழகம்மா, லயத்துக்கு இறங்கும்போது. "ஒவ்வொருத்தியாத் தனியாக் கூப்புட்டு கேக்கு குடுப்பாரு."

"கூப்புட்டா?" என்றாள் பிரேமினி.

"இருவது பேருமாப் போவோம் புள்ள."