பச்சைப் பால்

"அப்புடியே எங்கம்மா மாதிரி இருக்க நீ."

கட்டாரிலிருந்து இந்திரகுமார் சொன்ன இந்த ஒரு வார்த்தை கிருஷ்ணகுமாரியின் நெஞ்சில் போய்த் தைத்தது. தைத்ததோடு போயிற்றா, அங்கேயே கிடந்து குடைந்தது. கட்டின பெண்சாதியைப் பார்த்து ஒரு புருஷன் சொல்கிற பேச்சா இது? எங்கம்மா மாதிரி சமைக்கிறாய் என்றிருந்தால் வாயெல்லாம் பல்லாகச் சிரித்திருப்பாள். அம்மா மாதிரி இருக்கிறாளாம்! செத்துச் சுண்ணாம்பாகிப் போன மாமியார் மாதிரி!

அதோடு விட்டாரா மனிதர்? "போன கிட்ட கொண்டா. இன்னுங் கொஞ்சம் கிட்ட. வெளிச்சத்துப் பக்கமா திரும்பு" என்றார். அவள் கிட்டக் கொண்டுபோகிற மாதிரி காட்டிக்கொண்டு, போனைத் தூரத் தள்ளிப் பிடித்தாள். அவர் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "வெள்ளிக்கெழம வர்றேன். ஒன்ன நேர்ல பாக்கணும்" என்றார். போன் அடங்கிவிட்டது.

நேரில் பார்க்க வேண்டுமாம். சொந்தத் தங்கச்சி கல்யாணத்துக்கே லீவு கேட்காத ஆள். ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் கிடக்கிறது. இப்போது என்ன இப்படி ஒரு அவசரம்?

குமாரிக்குக் கை கால் ஓடவில்லை. ஏனென்றால் அவள் ஒரு திருட்டுத்தனம் பண்ணி வைத்திருந்தாள். மகள் நிரோஷா ருவான்வெல்லை பசாரில் துணிக்கடையில் நிற்கிறவள்; புதுப் போன் வாங்கிக் கொடுத்தபோது கெமராவில் ஏதோ ஒன்றைத் தட்டி, "இங்க பாரும்மா, எவ்வளவு அழகா இருக்க" என்றாள். பார்த்தால் முகம் தேய்த்துக் கழுவின பீங்கான் தட்டு மாதிரி மழமழவென்று இருந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு மடிப்பு இல்லை. அன்றிலிருந்து இரண்டு மாதமாக இந்திரகுமார் பார்ப்பதெல்லாம் அந்த முகத்தைத்தான். அந்தப் பொய்யைப் பண்ணிக் காட்டினது போன்தான். ஆனாலும் வேண்டாம் என்று சொன்னவள் அவள் இல்லையே.

அசல் முகம் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், அவள் காம்பராச் சுவரில் மாட்டின கண்ணாடிக்குள் இருந்தது. விடியும் முன்னே ரப்பர் மரத்தடியில் நின்று, வெட்டின கோட்டில் பால் இறங்குகிறதா என்று கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்ததில், கண்ணோரம் இரண்டு பக்கமும் கிழங்கு வேர் மாதிரி கோடு ஓடியிருந்தது. நெற்றியில் வரி. கழுத்தில்தான் ரொம்ப மோசம். நூல் கட்டி இறுக்கினாற்போல வளையம் வளையமாக மடிப்பு. நாற்பத்து மூன்று வயசுக்கு இது அடுக்குமா?

போன மாதம் பஸ்ஸில், மீசை கூட ஒழுங்காக முளைக்காத கொண்டக்டர் ஒருவன், "ஆச்சி, இஸ்ஸரஹட்ட யன்ன" என்றான். முன்னுக்குப் போக வேண்டுமாம், கிழவி! அன்றைக்கு வீட்டுக்கு வந்து அரிசி களைந்த தண்ணீரில் முகத்தைத் தேய்த்த தேய்ப்பில் கன்னம் இரண்டும் சிவந்துபோயின. கோடு மட்டும் அசையவில்லை.

விஷயத்தைப் பக்கத்துக் காம்பரா ஜெயம்மாவிடம் சொல்லியிருக்கவே கூடாது. அவளுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. "மேல் டிவிசன் செல்வராணி புருசன் துபாயிலருந்து வந்தானே, ஞாபகமிருக்கா? ஒரு வாரந்தான் வீட்ல இருந்தான். அப்பறம் கேகாலையில ஒருத்திகூடப் போயிட்டான். 'எம் பொண்டாட்டி இவ இல்ல'ன்னு சொன்னானாம்" என்று சாவகாசமாக வெற்றிலையைத் துப்பினாள்.

"வாய வச்சுக்கிட்டு சும்மா இரேன்டி!"

"நான் நடந்ததத்தானே சொன்னேன்."

குமாரிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷம் தனியாகக் கிடந்து, பிள்ளையை வளர்த்து, இந்த மனிதன் வந்துவிட்டால் போதும் என்று காத்திருந்தவள், அவர் வரப்போகிறார் என்றதும் நடுங்கினாள். வாசலில் வந்து நின்று, முகத்தைப் பார்த்து, அவர் கண் ஒரு கணம் சுருங்கினால் போதும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் எத்தனை வருஷம் கூட இருந்து என்ன?

நிரோஷாவே ஒரு வழி சொன்னாள். கடைக்கு மேல் மாடியில் றிப்தா என்று ஒரு பெண் பார்லர் வைத்திருக்கிறாள், நல்ல மாதிரி, அவளைக் கேட்போம் என்றாள். குமாரி வெட்கத்தை விட்டுப் போனில் பேசி அனுப்பினாள். றிப்தாவின் பதில் மறுநாள் காலையில் வந்தது. ரப்பர் மலையில் கடைசி மரத்துப் பாலையும் வாளியில் ஊற்றிவிட்டு, குமாரி தனியாக ஒரு பாறையில் உட்கார்ந்து அந்தக் குரலைக் கேட்டாள்.

"அக்கா, நாலஞ்சு நாளுல சுருக்கத்த அழிக்கிற மருந்து ஒலகத்துலயே இல்ல. அப்படிச் சொல்லி விக்கிற பேரில்லாத கிரீம் ஒண்டையும் வாங்கிப் பூசிராதீங்கோ, தோல் வெந்து போகும். வெயில்ல போறப்ப முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொள்ளுங்கோ. வெத்தல, பொயிலைய விடுங்கோ. நல்லாத் தண்ணி குடிச்சு நல்லாத் தூங்குங்கோ. இதெல்லாம் மெதுவாத்தான் வேல செய்யும். இப்போதைக்கு ஒண்டு செய்யலாம். பச்சப் பாலத் தொட்டு முகம், கழுத்தெல்லாம் பூசி, நல்லாக் காயவிடுங்கோ. காஞ்சா தோல இழுத்துப் புடிக்கும். பொறகு எடுத்துடுங்கோ. கொஞ்சம் பளிச்செண்டு ஈக்கும்."

குமாரி போனை மடியில் வைத்துவிட்டு, காலடியில் இருந்த வாளியைப் பார்த்தாள். வாளி நிறையப் பச்சைப் பால்!

அவளைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? அந்தத் தோட்டத்தில் குடிக்கிறது கரைத்த பால் தூள். அதைப் பால்மா என்றுதான் சொல்வார்கள். பால் என்றால் ரப்பர் பால். பால் வெட்டப் போகிறோம், பால் நிறுக்கிறோம், மழை பெய்து பால் கெட்டுப்போச்சு. ஸ்டோரில் ஆசிட் ஊற்றி உறைய வைப்பதற்கு முந்தினது பச்சைப் பால். அவள் பிறந்ததிலிருந்து அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் கிடையாது. அதற்கு மேல், காய்ந்தால் இழுத்துப் பிடிக்கும் என்று வேறு சொல்லிவிட்டாளே! புறங்கையில் பட்ட பால் காய்ந்து, தோலைச் சுருக்கமில்லாமல் விறைப்பாக்கி வைப்பதைத் தினமும் பார்க்கிறவள் குமாரி. அட, இத்தனை வருஷம் கைக்குள்ளேயே மருந்தை வைத்துக்கொண்டா அழுதேன் என்று அவளுக்கு ஒரு சந்தோஷமே வந்துவிட்டது.

தலைத்துணியை இறுக்கிக் கட்டி முடியை உள்ளே தள்ளினாள். விரலை வாளியில் முக்கி நெற்றியில் இழுத்தாள். கண்ணோரம், கன்னம், கழுத்து முழுக்க. குளுகுளுவென்று இருந்தது. ஊதக்காற்றில் சீக்கிரமே காய்ந்தது. போனை எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த அழகு காட்டுகிறதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். நெற்றி வரியைக் காணோம்! கழுத்து வளையத்தைக் காணோம்! "ஐயோ, முருகா" என்று சிரிக்கப் போனாள். வாய் விரியவில்லை.

கீழேயிருந்து கங்காணி, "குமாரி, வாளியக் கொண்டா, நிறுக்கணும்" என்று சத்தம் போட்டார். பயத்தில் கழுத்தோரத்தைப் பிடித்து வெடுக்கென்று உரித்தாள். உயிர் போய்த் திரும்பி வந்தது. பூனை மயிரெல்லாம் வேரோடு வந்தது, தோலும் கூட வந்தது. நெற்றியில் வழிந்து புருவத்தில் ஏறியிருந்ததை இழுத்தபோது இடது புருவத்தில் பாதி போயிற்று.

ஜெயம்மாதான் காம்பராவில் உட்கார வைத்துத் தேங்காயெண்ணெய் தடவித் தடவி மிச்சத்தை உருட்டி எடுத்தாள். "அடிப் பாவி, ஒட்டுப்பால் உரிக்கிறதுக்கு நீ என்னா மரமாடி?" என்று திட்டிக்கொண்டே எடுத்தாள். நிரோஷா அழுதுகொண்டே றிப்தாவுக்குச் சொல்லி அனுப்ப, அந்தப் பெண் பதறிப்போய்ப் பதில் போட்டாள். "அல்லாவே! மாட்டுப் பாலச் சொன்னேன் அக்கா, மாட்டுப் பாலு! ஒடன டொக்டருட்டக் காட்டுங்கோ!"

மாட்டுப் பால் என்றதும் ஜெயம்மா சிரித்த சிரிப்பில் லயமே அதிர்ந்தது. குமாரியால் சிரிக்க முடியவில்லை. சிரித்தால் எரிந்தது. சிரிக்க மனசும் இல்லை. டிஸ்பென்சரியில் களிம்பு கொடுத்து, தோல் ஆற நாளாகும் என்று சொல்லிவிட்டார்கள். இருந்த கோடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அதோடு இப்போது கழுத்து தீப்பட்டது மாதிரி சிவப்பு, அரைப் புருவம் வேறு. கேடு கெட்ட நேரம் வந்தால் இப்படித்தான், ஒன்றோடு நிற்காது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் ஒரு பையில் இரண்டு சேலையைத் திணித்து வைத்திருந்தாள். எஹலியகொடையில் அவளுடைய தங்கச்சி வீடு இருக்கிறது. காய்ச்சல், தங்கச்சிக்குப் பிள்ளைப்பேறு, எதையாவது சொல்லிக்கொள்ளலாம். முகம் ஆறும்வரை அங்கே இருந்துவிட்டு வரலாம். பையைத் தூக்கினாள், வைத்தாள். மறுபடி தூக்கியபோது லயத்துக்கு முன்னால் ஆட்டோ வந்து நின்றது.

ஓடிப்போய்ச் சன்னலைச் சாத்தினாள். துண்டை எடுத்துக் கழுத்தையும் தலையையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு, இருட்டில் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

இந்திரகுமார் பெட்டியைக்கூட இறக்கவில்லை. வாசலில் நின்ற ஜெயம்மா "வாங்க, வாங்க, நல்லா இருக்கீங்களா" என்றதையும் காதில் வாங்கவில்லை. நேராக உள்ளே வந்தார். இளைத்துக் கறுத்துப்போயிருந்தார்.

"ஏன் இருட்டுல ஒக்காந்திருக்க?"

"சும்மாதாங்க. தலவலி."

தலைவலி என்றதும் அவர் இன்னும் பதறினார். சன்னலைத் திறந்தார். "துண்ட எடு."

"வேணாங்க. கொஞ்சம் பொறுங்க. நான் சொல்றதக் கேளுங்க..."

"எடு குமாரி!"

அவள் எடுக்கவில்லை. அவரே எடுத்தார். குமாரி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பார்க்கட்டும். பார்த்துவிட்டுப் போகிறதென்றால் போகட்டும். அவர் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் கீழே இறங்கிற்று. கண்ணைத் திறந்தால், மனிதர் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, அவள் சேலையைக் கணுக்கால்வரை ஒதுக்கி, பெருவிரலால் காலை அழுத்திக்கொண்டிருந்தார். அழுத்திவிட்டு எடுத்துப் பார்த்தார். இன்னொரு காலை அழுத்தினார்.

"குழி விழல" என்றார். "ஜெயம்மாக்கா, இங்க பாருங்க, குழி விழல!"

"என்னாங்க பண்றீங்க?"

"ஒனக்கு ஒண்ணும் இல்லியா? நெசமாவே ஒண்ணும் இல்லியா?" அவர் அவள் காலை விடவில்லை. "எங்கம்மாவுக்கு இப்புடித்தானேடி ஆச்சு! கிட்னி கெட்டு, கால அமுக்குனா குழி விழுந்து, மூஞ்சியில ஒரு சுருக்கம் இல்லாம மழமழன்னு ஊதி, பளபளன்னு ஆகி... ஆளுங்க எல்லாம் கெழவி கொமரியாயிட்டான்னு கேலி பண்ணாங்களே. ரெண்டு மாசந்தான். போன்ல ஒன்னப் பாக்கப் பாக்க எனக்கு அந்த மூஞ்சிதான் வந்துச்சு. கிட்ட கொண்டான்னா தூரப் போற. கேட்டா சிரிக்கிற. நீ மறைக்கிறன்னு நெனச்சேன். என் கிட்னி ஒனக்குச் சேருமான்னு அங்க டொக்டருட்ட கேட்டு, ரத்தமெல்லாம் குடுத்துப் பாத்துட்டு, வேலய விட்டுட்டு வந்திருக்கேன்."

குமாரிக்கு மாமியாரின் முகம் நினைவுக்கு வந்தது. அந்த முகத்தைக் கடைசியாகக் கழுவி, பொட்டு வைத்தவள் அவள்தானே. கை வழுக்கிக்கொண்டு போன அந்த மழமழப்பு விரலில் இன்னும் இருக்கிறது. எங்கம்மா மாதிரி இருக்கிறாய் என்று அவர் சொன்னது அதையா!

"நோய் இல்லங்க" என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "போனுங்க. போன்ல ஒண்ணு இருக்கு, அதப் போட்டா சுருக்கமெல்லாம் தெரியாது. நீங்க பாத்தா கெழவின்னு நெனைப்பீங்கன்னு... நான்தாங்க போட்டேன்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணோரத்துக் கோட்டில் விரலை வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். நெற்றி, அப்புறம் கழுத்து. புண் படாமல் சுற்றிக்கொண்டு போயிற்று விரல்.

"இதெல்லாம் எங்க போச்சுன்னுதான்டி நான் அங்க தூங்காமக் கெடந்தேன்."

வாசலிலிருந்து ஜெயம்மா மூக்கை உறிஞ்சினாள். "அது சரி, பாதிப் புருவம் எங்க போச்சுன்னு கேக்கலியே நீங்க. ஒங்களுக்காகப் பச்சப் பாலப் பூசிக்கிட்டு நின்னா ஒங்க பொண்டாட்டி."

"ரப்பர் பாலயா?" என்றார் அவர். அவரும் பால் வெட்டினவர்தான். முகம் போன போக்கைப் பார்த்து, அழுதுகொண்டிருந்த குமாரிக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. நெற்றி மடிந்தது, கண்ணோரமெல்லாம் கோடு கோடாக விரிந்தது, கழுத்து சுரீரென்று எரிந்தது. அவள் சட்டென்று கையால் முகத்தை மூடப் போனாள்.

இந்திரகுமார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தடவ சிரி" என்றார்.