மைக் மாப்பிள்ளை

காதல் கதை என்றதும் மூக்கைச் சுளிப்பவர்கள் தாராளமாகச் சுளித்துக்கொள்ளலாம். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். விடிந்தால் மூக்குகளைத்தான் பார்க்கிறேன். இன்னும் நாலு மூக்கு எனக்குப் பாரமில்லை.

நான் எழுதுவது பாடகனைக் காதலிக்கிற கதை. உலகமே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் பாட்டுக்காரன் ஒருவன், உடைந்த கறுப்புக் கண்ணாடியோடு ஒரு கடைக்கு வருவான். கவுன்ட்டரில் நிற்கிற பெண் அதைச் சரிசெய்து கொடுப்பாள். அப்புறமென்ன, காதல்தான். இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பார்கள். நடக்காதுதான். நடக்கிறதைத்தான் கடை திறந்ததிலிருந்து மூடுகிறவரை கால் கடுக்க நின்று பார்க்கிறேனே, அதையே எழுத வேறு வேண்டுமா? போனில் கதை படிக்கிற ஆப் ஒன்றில் வாரம் ஒரு அத்தியாயமாகப் புனைபெயரில் போடுவேன். படிப்பவர்கள் பெரும்பாலும் பள்ளி, கல்லூரிப் பெண்கள். என் பாடகனுக்கு 'மைக் மாப்பிள்ளை' என்று பட்டம் சூட்டியது அவர்கள்தான். 'இப்படி ஒருத்தன் பூமியில கிடைக்கவே மாட்டான்' என்று கீழே எழுதிப் புலம்புவார்கள்.

கிடைப்பான். எங்கள் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அவரை எல்லோரும் லென்ஸ்காரர் என்பார்கள். எனக்கும் அவருக்கும் இரண்டு வீட்டிலும் பேசி நிச்சயமாகிவிட்டது. கல்யாணத்துக்கு மண்டபம் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே, நடுவிலிருக்கிற கண்ணாடித் தடுப்பு வழியாக அவரைப் பார்த்துப் பார்த்து நான் குட்டிச்சுவராகியிருந்தேன். லென்ஸின் ஓரத்தைத் தேய்க்கிற மிஷின் ஓடும்போது, அதன் இரைச்சலின் சுருதியிலேயே அவர் ஏதோ ஒரு பாட்டை முனகுவார். மிஷினை நிறுத்தினால் பாட்டும் நின்றுவிடும். தான் பாடுவதே அவருக்குத் தெரியாது. டீயை மேலே ஏடு படிகிறவரை ஆறவிட்டு, பிறகு ஒரே மூச்சில் குடிப்பார். என்னோடு சாலையில் நடந்தால் வண்டி வருகிற பக்கம் வந்துவிடுவார். வேண்டுமென்றே நான் பக்கம் மாறினால் அவரும் மாறுவார். கோபம் வந்தால் என்னை 'மேடம்' என்பார்.

அத்தனையையும் அள்ளிப் பாடகனுக்குக் கொடுத்தேன். மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் இரைச்சலோடு சேர்ந்து முனகுகிறவன் அவன். ஆறிப்போன டீயை ரசித்துக் குடிக்கிறவன். கோடிப் பேர் பார்க்கிற தெருவில் அவளை உள்பக்கம் தள்ளி நடக்கிறவன். நேரில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது, அதனால் மேடையேற்றிச் சொன்னேன்.

லென்ஸ்காரருக்குக் கல்லூரியில் படிக்கிற தங்கை ஒருத்தி உண்டு. அண்ணனைப் பார்க்க ஒருநாள் கடைக்கு வந்தவள் கவுன்ட்டரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒருவருக்கு ஃப்ரேம் எடுத்துக் காட்ட நான் எழுந்துபோன நேரத்தில், பாதி எழுதிய அத்தியாயம் என் போனில் திறந்தே கிடந்தது.

"அண்ணி, நீங்களா?" என்றாள் நான் திரும்பி வந்ததும். அவள் கண்ணில் தண்ணீர். "மைக் மாப்பிள்ளைய எழுதறது நீங்களா? ஐயோ, அவனக் கடைசியில கொன்னுடமாட்டீங்களே?"

யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அவள் வயிற்றில் ரகசியம் தங்குமா? அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்துக்குள் அண்ணன் காதில் ஓதிவிட்டாள். அவர் விடிய விடிய உட்கார்ந்து முழுவதையும் படித்திருக்கிறார்.

மறுநாள் காலையில் தடுப்புக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். "மேடம், கொஞ்சம் உள்ள வரீங்களா?"

போனேன். மேசைமேல் டீ ஏடு கட்டிக் கிடந்தது.

"யாரு அவன்?"

"எவன்?"

"அந்தப் பாட்டுக்காரன்."

"கதையில வர்றவன்."

"கத விடாத. டீ எப்படிக் குடிக்கிறான், எந்தப் பக்கம் நடக்கிறான், கோவம் வந்தா எப்படிக் கூப்பிடறான். பக்கத்துல இருந்து பாத்தவளாலதான் இப்படி எழுத முடியும். எனக்குத் தெரியாதா?"

எனக்குச் சிரிப்பு அடைத்துக்கொண்டு வந்தது. தன்னைப் பார்த்துத் தானே பொறாமைப்பட்டு ராத்தூக்கம் கெட்ட மனிதரை அப்போதுதான் பார்க்கிறேன். 'மண்டு, அது நீங்கதான்' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"சரி, யாரா வேணா இருக்கட்டும். நான் பெரிசு பண்ணல. அத மொத்தமா அழிச்சிடு. இனிமே இந்த மாதிரி எழுதமாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு. நானும் மறந்துடறேன்."

நாக்கு நுனியிலிருந்ததை விழுங்கிவிட்டேன். மறந்துவிடுகிறாராம். என்னவோ நான் கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரியும், இவர் போனால் போகிறதென்று விடுகிற மாதிரியும். பத்திக்கொண்டு வந்தது எனக்கு.

"அழிக்கமாட்டேன்."

"அப்ப கல்யாணம்?"

"அத நீங்கதான் சொல்லணும்."

"மேடத்துக்குத் திமிரு ஜாஸ்திதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா கையிலிருந்த துண்டை அப்படியே போட்டுவிட்டாள்.

"அது அவர்தான்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானேடி?"

"சொன்னா என்ன ஆகும்?"

"கல்யாணம் ஆகும்."

"இன்னிக்கு அவரா இருக்கறதால எழுதலாம். நாளைக்கு ஒரு டிரைவரப் பத்தி எழுதுவேன், ஒரு கிழவரப் பத்தி எழுதுவேன். ஒவ்வொரு தடவையும் இது இன்னார்தான்னு இவருக்கு ஆள் அடையாளம் காட்டிட்டா எழுத முடியும்?"

"வக்கணையாப் பேசு. வாய் இருக்கிற அளவுக்குப் புத்தி இல்ல உனக்கு."

இருக்கலாம். அன்றைக்குத் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன். அவர் வேண்டாமென்று அழவில்லை. வேண்டும், அவர்தான் வேண்டும் என்று அழுதேன். ஆனாலும் காலையில் எழுந்து பார்த்தபோது கதையை அழிக்க மனம் வரவில்லை.

அதன்பிறகு கடையில் எங்களுக்குள் பேச்சில்லை. தேய்த்த லென்ஸைத் தட்டில் வைத்துத் தடுப்பின் இடுக்கு வழியாகத் தள்ளுவார், நான் எடுத்துக்கொள்வேன். பின்னறையில் மிஷின் மட்டும் ஓடியது. பாட்டில்லாமல் அந்த இரைச்சலைக் கேட்கவே சகிக்கவில்லை.

பிறகு ஒரு காலை, கடையைத் திறந்த கையோடு, வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

"தங்கச்சி எல்லாம் சொல்லிட்டா. திரும்ப ஒருதடவ படிச்சிட்டு, 'அண்ணா, இது நீதான்டா'ன்னு தலையில குட்டறா. நான்தானாமே?"

நான் கவுன்ட்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"லூசு மாதிரி நான்பாட்டுக்குக் கத்திட்டேன். நீ ஏன் அப்பவே சொல்லல? சொல்லியிருந்தா ஒரு வார்த்த பேசியிருப்பேனா?" குரலைத் தணித்துக்கொண்டார். "அழிக்கவெல்லாம் வேணாம். தாராளமா எழுது. கல்யாணத்துக்கு அப்புறமும் எழுது, எங்க வீட்டுல நான் சொல்லிக்கறேன். என்னப் பத்தித்தானே எழுதற. என்ன, போடறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒருதடவ காட்டிடு, அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரிப்பை மட்டும் நான் எந்த அத்தியாயத்திலும் எழுதியதில்லை. அது எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று வைத்திருந்தேன். ஒரு தலையாட்டல் போதும், இந்தச் சிரிப்பும் ஆளும் எனக்குத்தான். ஆட்டிவிடு, ஆட்டிவிடு என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"அது நீங்க இல்ல" என்றேன்.

"விளையாடாத. டீ, ரோடு, மிஷினு எல்லாம் நான்தானே?"

"அதெல்லாம் உங்களோடதுதான். ஆனா ஆள் நீங்க இல்ல. அவன் படிச்சிருந்தா, யாரு அவன்னு கேட்டிருக்கமாட்டான். அந்தப் பொண்ணுக்குக் கடைசியில என்ன ஆகுதுன்னு கேட்டிருப்பான்."

அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கடைக்குள் ஒரு அம்மாளும் பேத்தியும் நுழைந்து, ஃப்ரேம்கள் மாட்டியிருந்த பக்கமாகப் போனார்கள். அவர்கள் போகிறவரை காத்திருந்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டார்.

"கடைசியில அவளுக்கு என்னதான் ஆகுது?"

படித்த அன்றைக்கே இதைக் கேட்டிருந்தால் கட்டிப்பிடித்துக்கொண்டு சொல்லியிருப்பேன்.

"மண்டபம் எதையும் இப்ப முடிவு பண்ண வேணாம்னு உங்க வீட்டுல சொல்லிடுங்க" என்றேன். "கடைசி அத்தியாயம் வெள்ளிக்கிழமை வரும். எல்லாரும் படிக்கும்போது நீங்களும் படிச்சுத் தெரிஞ்சுக்குங்க."